கடும் நோயில் இரு மனங்கள்: நோயாளிக்கும் பார்த்துக்கொள்பவருக்குமான முழுமையான வழிகாட்டி

கடும் நோய் ஒரு வீட்டுக்குள் வந்ததும் எல்லோருடைய கவனமும் ஸ்கேன், மருந்து, அடுத்த பரிசோதனைத் தேதி என்றே ஓடுகிறது. மனத்தைச் சிகிச்சை முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கிவிடுகிறோம். என் தந்தையின் நோய்க்காலம் முழுவதும் நான் அவருடன் இருந்தேன்; அதன் பிறகு நோய்த்தணிப்புச் சிகிச்சை (கடும் நோயில் வலியையும் பிற தொல்லைகளையும் தணிக்கும் சிகிச்சை) தரும் குழு ஒன்றின் தன்னார்வலராகப் பல குடும்பங்களுக்குத் துணையாக இருந்து வருகிறேன். புதிதாக இப்பொறுப்பை ஏற்பவர்கள் அன்பில் குறை வைப்பதில்லை, வரிசையில்தான் தடுமாறுகிறார்கள். வலியில் துடிப்பவரிடம் ஆறுதல் பேசுகிறார்கள், பேச வாயெடுப்பவரிடம் மாத்திரையை நீட்டுகிறார்கள், தாம் மூன்று இரவுகள் தூங்காத நிலையில் பெரிய முடிவுகளை எடுக்கிறார்கள். ஆகவே கீழே உள்ளவற்றை முடிந்த அளவு அதே வரிசையில் செய்யுங்கள்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் ஒரு நோட்டு. அதன் இடப்பக்கம் நோயாளிக்கு, வலப்பக்கம் பார்த்துக்கொள்பவருக்கு. பலரும் இடப்பக்கத்தை மட்டும் எழுதிக்கொண்டே போவார்கள். வலப்பக்கம் வெறுமையாகக் கிடப்பதே பின்னால் வரப்போகும் சிக்கலின் முதல் அறிகுறி.

அடுத்து, மருந்துப் பட்டியல்: பெயர், அளவு, நேரம் ஆகியவற்றுடன் ஒவ்வொரு மருந்தும் எதற்காக என்பதையும் எழுதுங்கள். எதற்கென்று தெரியாத மருந்தைத்தான் குடும்பத்தார் தாமாகவே நிறுத்திவிடுகிறார்கள்.

மூன்றாவதாக, இரவில் அழைக்கக்கூடிய மருத்துவ எண் ஒன்றைக் கேட்டு வாங்கிக் கண்ணில் படும் இடத்தில் ஒட்டிவையுங்கள். நான்காவதாக, மாற்றாள் ஒருவரைப் பெயர் சொல்லி முடிவு செய்துகொள்ளுங்கள். "யாராவது வருவார்கள்" என்பது ஏற்பாடு ஆகாது.

1. உடலின் தொல்லையை முதலில் தணியுங்கள்

லண்டனில் 1967இல் புனித கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸை (இறுதிக்கட்ட நோயாளிகளைப் பராமரிக்கும் இல்லம்) தொடங்கிய மருத்துவர் சிசிலி சாண்டர்ஸ், வலியை 'முழு வலி' என்று விளக்கினார். உடல், மனம், உறவு, வாழ்வின் பொருள் குறித்த தவிப்பு ஆகிய நான்கும் ஒன்றையொன்று வளர்க்கின்றன என்பது அதன் சாரம். இந்த நான்கில் விரைவாகத் தணிக்கக்கூடியது பெரும்பாலும் உடல் வலியே. அதனால்தான் இது முதல் படி.

நாள்தோறும் ஒரே நேரத்தில் வலி, மூச்சுத்திணறல், குமட்டல், களைப்பு, தூக்கம் ஆகியவற்றை 0 முதல் 10 வரையிலான எண்ணாகக் கேட்டு எழுதுங்கள். "வலிக்கிறதா?" என்று கேட்டால், பிறரைக் கலங்கவைக்க விரும்பாதவர் "பரவாயில்லை" என்றுதான் சொல்வார். "பத்துக்கு எத்தனை?" என்று கேட்டால் மறைப்பது கடினம்; மருத்துவரிடமும் "நேற்று 4, இன்று 7" என்று தெளிவாகச் சொல்ல முடியும்.

வேளை தவறாமல் கொடுக்கச் சொன்ன வலி மருந்தை, தாங்க முடியாதபோது மட்டும் கொடுப்பது மிகப் பரவலான பிழை. உச்சத்துக்குப் போன வலியை இறக்குவது கடினம் என்பது ஒரு காரணம். அடுத்த வலி எப்போது வருமோ என்று காத்திருப்பதே நாளடைவில் பதற்றமாக மாறிவிடுகிறது என்பது இன்னொரு காரணம். மார்ஃபின் என்ற வலுவான வலி மருந்தின் பெயரைக் கேட்டதும் அடிமையாகிவிடுவார் என்று அஞ்சி நிறுத்துகிறவர்கள் உண்டு. அந்த அச்சத்தை மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லித் தெளிவு பெறுங்கள், தாமாக நிறுத்தாதீர்கள். மார்ஃபின் மலச்சிக்கலை உண்டாக்கும் என்பதால் மலமிளக்கியும் சேர்த்துத் தரப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள்.

என் தந்தை ஒருமுறை நான்கு நாட்கள் சுவரைப் பார்த்தபடியே படுத்திருந்தார். எதைக் கேட்டாலும் "ஒன்றுமில்லை" என்பார். மனம் உடைந்துவிட்டது என்று நாங்கள் எல்லோரும் முடிவு கட்டி, யாரை அழைத்துப் பேச வைக்கலாம் என்று கூடிக்கூடிப் பேசினோம். வீட்டுக்கு வந்த செவிலியர் ஒரே கேள்விதான் கேட்டார்: "ஐயா மலம் கழித்து எத்தனை நாளாகிறது?" ஆறு நாட்கள். அதைச் சரிசெய்த மறுநாள் மாலை, அப்பா தானாகவே இந்தப் பக்கம் திரும்பிப் படுத்து, கண்ணாடியை எடுத்துத் தரச் சொல்லிச் செய்தித்தாளைக் கேட்டார்.

டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு மருந்துகள் தூக்கத்தைக் கெடுக்கும், எரிச்சலையும் படபடப்பையும் தரும். காலையில் கொடுக்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்; திடீரென நிறுத்துவது மட்டும் கூடாது. மூச்சுத்திணறலும் பீதியும் ஒன்றையொன்று துரத்துபவை. நோயாளியைச் சாய்ந்து உட்காரவைத்து, முகத்தில் காற்றுபடும்படி சிறு மின்விசிறியை வைத்து, உதடுகளைக் குவித்து மெதுவாக மூச்சை வெளியே விடச் சொல்லுங்கள். நீங்களும் அவருடன் சேர்ந்து அதே வேகத்தில் விடுங்கள். உங்கள் மூச்சு நிதானப்படுவதைப் பார்த்துத்தான் அவருடையதும் நிதானப்படும்.

2. மனத்தின் சுமையையும் எண்ணாக எழுதுங்கள்

புற்றுநோய் மருத்துவத்தில் 'மனவேதனை அளவி' என்றொரு எளிய முறை இருக்கிறது. வெப்பமானி போன்ற படத்தில், கடந்த ஒரு வாரத்தின் மனவேதனையை 0 முதல் 10 வரை நோயாளியே குறித்துக் காட்டுவார். 4 அல்லது அதற்கு மேல் வந்தால் சிகிச்சைக் குழுவினரிடம் சொல்லி மேற்கொண்டு பார்க்க வேண்டும். இதை வாரம் ஒருமுறை செய்தால் போதும். தினமும் கேட்டால் அது விசாரணையாகிவிடும்.

மனச்சோர்வைக் கண்டறிய இரண்டு கேள்விகள் உதவும். கடந்த 2 வாரங்களில், வழக்கமாகச் செய்யும் செயல்களில் ஆர்வமோ மகிழ்ச்சியோ இல்லாமல் இருந்ததா? மனம் தளர்ந்து, நம்பிக்கையற்று இருந்ததா? ஒவ்வொன்றுக்கும் 'இல்லவே இல்லை' என்றால் 0, 'சில நாட்கள்' என்றால் 1, 'பாதிக்கு மேற்பட்ட நாட்கள்' என்றால் 2, 'ஏறக்குறைய தினமும்' என்றால் 3. கூட்டுத்தொகை 3 அல்லது அதற்கு மேல் இருந்தால் மருத்துவரிடம் முழுமையான மதிப்பீடு கேளுங்கள். இது நோயை உறுதிசெய்வதற்கு அன்று, கதவைத் தட்டுவதற்கு.

பசியின்மை, தூக்கமின்மை, களைப்பு ஆகியவற்றை வைத்து மட்டும் மனச்சோர்வு என்று முடிவு செய்ய முடியாது, ஏனெனில் நோயும் சிகிச்சையும்கூட அவற்றைத் தரும். "நான் எல்லோருக்கும் பாரம்" என்ற நினைப்பு, குற்றவுணர்வு, மிகப் பிடித்தவர் வந்தாலும் முகம் மலராமை ஆகியவையே கூடுதலாகக் கவனிக்க வேண்டியவை.

இதே அளவையும் இதே இரண்டு கேள்விகளையும் பார்த்துக்கொள்பவரும் தனக்குத் தானே கேட்டு வலப்பக்கத்தில் எழுத வேண்டும். இருவரும் ஒரே நேரத்தில், ஒருவர் முன் ஒருவர் எழுதக் கூடாது. ஒருவரைக் காப்பாற்ற இன்னொருவர் எண்ணைக் குறைத்துவிடுவார்.

3. எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று கேளுங்கள்

"அவரிடம் எதுவும் சொல்ல வேண்டாம், தாங்க மாட்டார்." நான் சென்ற வீடுகளில் அதிகம் கேட்ட வாக்கியம் இதுதான். நோயாளியோ, கேட்டால் பிள்ளைகள் அழுவார்கள் என்று தன் பங்குக்கு வாய்மூடி இருப்பார். ஒரே அறையில் இருவரும் ஒரே செய்தியை ஒருவரிடமிருந்து ஒருவர் ஒளித்துக்கொண்டிருப்பார்கள். மாறிய மருந்துகளும் தாழ்ந்த குரல்களும் எப்படியும் உண்மையைச் சொல்லிவிடும்; அப்போது அவர் அந்த உண்மையோடு தனியாக இருக்க நேரிடும்.

இதன் மறுகோடியும் பிழையே. கேட்காதவரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிடுவது நேர்மை ஆகாது. துயரச் செய்தியைச் சொல்ல மருத்துவர்கள் பயிலும் ஆறு படிகள் கொண்ட முறையில், செய்தியைச் சொல்வது நான்காம் படிதான். தனிமையான சூழலை அமைப்பது, நோயாளிக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று கேட்பது, எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று கேட்டு இசைவு பெறுவது ஆகிய மூன்றும் அதற்கு முன்பே வருகின்றன. வீட்டிலும் இதே வரிசை பொருந்தும்.

"அப்பா, உங்கள் உடம்பு இப்போது எப்படி இருக்கிறது என்று நீங்கள் நினைக்கிறீர்கள்?" என்று தொடங்குங்கள். பிறகு, "மருத்துவர் சொல்வதையெல்லாம் உங்களிடமே சொல்லட்டுமா, அல்லது நாங்கள் கேட்டுக்கொள்ளட்டுமா?" என்று கேளுங்கள். "நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்பதும் முழுமையான விடைதான், அதை மதியுங்கள். ஆனால் சில வாரங்கள் கழித்து மறுபடியும் கேளுங்கள், மனம் மாறியிருக்கலாம்.

சொல்லத் தயங்கும் உறவினரிடம் வாதாடிப் பயனில்லை. "சொன்னால் என்ன நடக்கும் என்று அஞ்சுகிறீர்கள்?" என்று கேட்டால் மறைந்திருக்கும் அச்சம் வெளியே வரும். பெரும்பாலும் அது நோயாளியைப் பற்றியதாக இருக்காது. அவர் அழும்போது எதிரில் தான் உடைந்துபோவோமோ என்பதாகவே இருக்கும்.

4. பேச்சைக் கேட்கும் முறை

"தைரியமாக இருங்கள்" என்ற சொல்லைத் தள்ளிவைக்க முடிந்தால் பாதி வேலை முடிந்தது. அன்பில் பிறக்கும் சொல்தான், ஆனால் கேட்பவருக்கு அது "உன் பயத்தை என்னிடம் காட்டாதே" என்றே விழுகிறது. "எல்லாம் சரியாகிவிடும்", "இதைவிட மோசமானவர்களெல்லாம் இருக்கிறார்கள்" ஆகியவையும் அப்படியே.

செய்ய வேண்டியவை எளியவை. உட்காருங்கள், நின்றபடி கேட்டால் கிளம்பப் போகிறீர்கள் என்று அவர் நினைப்பார். அவர் சொன்னதன் கடைசிச் சொல்லைத் திரும்பச் சொல்லுங்கள். "பயமாக இருக்கிறது" என்றால், "எதை நினைத்து அதிகம் பயமாக இருக்கிறது?" என்று மட்டும் கேட்டுவிட்டுக் காத்திருங்கள். அந்தக் காத்திருப்பு நீளும், நிரப்பக் கை துறுதுறுக்கும், நிரப்பாதீர்கள். ஒரு பெண்மணியின் மகன், கற்றுத் தந்தபடியே அவ்வாறு காத்திருந்தார். வெகுநேரம் கழித்து அந்த அம்மா சொன்னது மரணத்தைப் பற்றி அன்று: "ராத்திரி எழுப்பினா நீ மறுநாள் வேலைக்கு எப்படிப் போவேன்னு யோசிச்சு, வலியோடவே படுத்துக்கறேன்பா." மகன் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, "இனிமே எழுப்பும்மா" என்றார். அன்று மாலையே ஒரு சிறு மணி கட்டிலருகே வந்தது, இரவு மருந்து வேளையும் மருத்துவரிடம் பேசி மாற்றப்பட்டது.

நம்பிக்கையையும் ஆயத்தத்தையும் எதிரெதிராக நிறுத்த வேண்டியதில்லை. "நல்லதே நடக்கட்டும் என்று எதிர்பார்ப்போம், ஒருவேளை நடக்காவிட்டால் உங்களுக்கு எப்படி வேண்டும் என்றும் பேசி வைத்துக்கொள்வோம்" என்ற ஒரே வாக்கியத்தில் இரண்டையும் வைக்கலாம். களைப்பு குறைவாக உள்ள வேளையில், சிறிது சிறிதாகப் பேசுங்கள். ஒரே அமர்வில் எல்லாவற்றையும் முடிக்க நினைப்பது பேசுபவருடைய அவசரம்.

5. நாளுக்கு ஒரு வடிவம் கொடுங்கள்

நோய் பறிப்பவற்றில் முதன்மையானது முடிவெடுக்கும் உரிமை. ஆகவே எந்தச் சட்டை, சன்னல் திறந்திருக்கட்டுமா, யார் வரலாம், எத்தனை நிமிடம் இருக்கலாம் என்ற சிறு முடிவுகளை நோயாளியிடமே விடுங்கள். வேகமாக முடியும் என்பதற்காக எல்லாவற்றையும் நீங்களே செய்துவிடுவது, இயலாமையைப் பெரிதாக்குகிறது.

பரிசோதனை முடிவுக்காகக் காத்திருக்கும் நாட்கள் தனியான சுமை. முடிவு எப்போது, யார் மூலம் வரும் என்று முன்பே கேட்டுவைத்தால் பாதிப் பதற்றம் குறையும். கவலைப்படாதே என்று சொல்வதைவிட, கவலைகளைப் பேச மாலையில் அரை மணி நேரம் என்று ஒதுக்கி, மற்ற வேளையில் வருபவற்றை நோட்டில் குறித்துவைப்பது பலருக்கு உதவுகிறது. இணையத்தில் நள்ளிரவில் தேடுவதை இருவருமே தவிருங்கள்.

6. பார்த்துக்கொள்பவர் தன்னையும் பட்டியலில் சேர்ப்பது

இந்தப் படியைத்தான் எல்லோரும் கடைசிக்குத் தள்ளுகிறார்கள். தள்ளிக்கொண்டே போய் விட்டும்விடுகிறார்கள். 1999இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, நோயுற்ற வாழ்க்கைத் துணையைப் பார்த்துக்கொண்ட முதியவர்களை நான்கு ஆண்டுகள் பின்தொடர்ந்தது. அப்பணியால் நெருக்கடியை உணர்ந்தவர்களுக்கு, அப்பொறுப்பு இல்லாதவர்களைவிட இறப்பு அபாயம் 63 சதவீதம் கூடுதலாக இருந்தது. ஆக, இது சொகுசைப் பற்றிய பேச்சு அன்று.

தூக்கத்திலிருந்து தொடங்குங்கள். வாரத்தில் குறைந்தது இரண்டு இரவுகளாவது வேறொருவர் பொறுப்பேற்று, நீங்கள் வேறு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்க வேண்டும். அதே அறையில் படுத்தால் ஒவ்வோர் இருமலுக்கும் விழித்துக்கொள்வீர்கள். அது ஓய்வு ஆகாது.

அடுத்து, உதவியைக் குறிப்பாகக் கேளுங்கள். "ஏதாவது வேண்டுமென்றால் சொல்" என்பவர்கள் உண்மையாகவே சொல்கிறார்கள், ஆனால் என்ன செய்வது என்று அவர்களுக்குத் தெரியாது. "செவ்வாய்க்கிழமை மாலை 4 முதல் 6 வரை அக்கா அவரோடு உட்கார முடியுமா?", "மருந்துக்கடைக்கு நீ போய் வருகிறாயா தம்பி?" என்று நாளும் நேரமும் சொல்லிக் கேளுங்கள். தொலைவில் இருக்கும் உறவினருக்குத் தொலைபேசி வேலைகளை ஒப்படையுங்கள்: காப்பீட்டு விசாரணை, சந்திப்பு நேரம் வாங்குவது, நலம் விசாரிக்கும் பத்துப் பேருக்கும் ஒரே செய்தியை அனுப்புவது. ஒரே நிலவரத்தை ஒவ்வொருவரிடமும் மறுபடி மறுபடி சொல்வது எவ்வளவு களைப்பூட்டும் என்பதை அனுபவித்தவர்கள் அறிவார்கள்.

உங்கள் சொந்த மருந்துகளையும் பரிசோதனைகளையும் நோட்டின் வலப்பக்கத்தில் தேதியுடன் எழுதுங்கள். உங்கள் மருத்துவரிடம் "நான் வீட்டில் நோயாளி ஒருவரைப் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லுங்கள். பார்த்துக்கொள்பவரின் சுமையை அளக்க 22 கேள்விகள் கொண்ட ஸாரிட் வினாப்பட்டியல் உண்டு. சிகிச்சைக் குழுவினரிடம் அதைப் பற்றிக் கேட்கலாம்.

இனி, யாரும் வெளியே சொல்லாத ஒன்று. கோபம் வரும். நோயாளியின் மேலேயே வரும். இது சீக்கிரம் முடிந்துவிடாதா என்ற நினைப்பும் ஒருநாள் வரும், வந்த மறுகணமே நெஞ்சு பதறும். அதிகாலை மூன்று மணிக்கு மூன்றாம் முறையாகப் படுக்கை விரிப்பை மாற்றும்போது எனக்கும் வந்தது. துன்பம் முடிய வேண்டும் என்று விரும்புவதும் அந்த மனிதர் போய்விட வேண்டும் என்று விரும்புவதும் ஒன்றல்ல. அந்நினைப்பை நம்பகமான ஒருவரிடம் சொல்லிவிடுங்கள். உள்ளேயே பூட்டி வைத்தால் அது குற்றவுணர்வாகி, அந்தக் குற்றவுணர்வு இன்னும் அதிகம் உழைக்கத் தூண்டி, உங்களை மேலும் களைப்பாக்கும். கை ஓங்கும் அளவுக்குக் கோபம் வந்தால், நோயாளி பாதுகாப்பாக இருப்பதை உறுதிசெய்துகொண்டு அறையைவிட்டு வெளியே வந்து மாற்றாளை அழையுங்கள். அது அன்றே உதவி கேட்க வேண்டிய நிலை.

7. வீட்டில் குழந்தைகள் இருந்தால்

நோயின் பெயரைச் சொல்லுங்கள். "உடம்பு சரியில்லை" என்று மட்டும் சொன்னால், அடுத்த முறை தனக்குச் சளி பிடிக்கும்போது குழந்தை நடுங்கும். நீ எதுவும் செய்ததால் இது வரவில்லை. தொற்றாத நோயாக இருந்தால், தொட்டால் ஒட்டிக்கொள்ளாது. உன்னைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது. இந்த மூன்றையும் ஒருமுறை சொன்னால் போதாது. சிறு குழந்தைகள் தாம் கோபப்பட்டதால்தான் நோய் வந்தது என்று உண்மையாகவே நம்புவதுண்டு. இறப்பைத் 'தூக்கம்' என்று சொல்லாதீர்கள்; குழந்தை தூங்கவே அஞ்சும்.

8. தனியாகச் சமாளிக்கக் கூடாத நிலைகள்

சில மணி நேரத்திலோ ஓரிரு நாட்களிலோ திடீரெனத் தோன்றும் மனக்குழப்பத்தை மருத்துவர்கள் டெலிரியம் என்பார்கள். அது ஏறி இறங்கும். மாலையிலும் இரவிலும் கூடும். கத்துவதும் எழுந்து ஓடப் பார்ப்பதும் ஒரு வகை. அசையாமல், பேசாமல், அரைத்தூக்கத்தில் கிடப்பது இன்னொரு வகை; இதைத்தான் மனச்சோர்வு என்று தவறாக எண்ணிவிடுகிறோம். வாரத்தின் நாட்களைப் பின்னோக்கிச் சொல்லச் சொல்லுங்கள். நேற்றுவரை முடிந்தது இன்று முடியவில்லை என்றால் அன்றே மருத்துவரை அழையுங்கள். தொற்று, நீர்ச்சத்துக் குறைவு, புதிய மருந்து, மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு என்று சரிசெய்யக்கூடிய காரணம் இருக்கலாம். அதுவரை வாதாடாமல், மூக்குக்கண்ணாடியையும் காது கேட்கும் கருவியையும் அணிவித்து, மெல்லிய வெளிச்சத்தில், தெரிந்த முகம் ஒன்று அருகில் இருக்கும்படி செய்யுங்கள்.

"நான் இருந்து என்ன பயன்" என்ற பேச்சு வந்தால் பேச்சை மாற்றாதீர்கள். "உயிரை மாய்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் வருகிறதா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக விதைக்கப்படுவதில்லை. சுமையை இறக்கிவைக்க இடம்தான் கிடைக்கிறது. போதும் என்று மனம் அமைதியாவது வேறு. எப்படி, எப்போது என்று வழி தேடுவது வேறு. இரண்டாவது என்றால் தனியே விடாதீர்கள், மருந்துகளைப் பூட்டி வையுங்கள், அவசர மருத்துவ உதவியை உடனே அழையுங்கள். இது நோயாளிக்கு மட்டுமன்றிப் பார்த்துக்கொள்பவருக்கும் பொருந்தும்.

மனச்சோர்வுக்கு மருந்து தரப்பட்டால் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். ஒரே வாரத்தில் "வேலை செய்யவில்லை" என்று நிறுத்திவிடுவது நான் அடிக்கடி கண்ட பிழை.

நோய்த்தணிப்புச் சிகிச்சை என்றால் கடைசிக் கட்டம் என்று எண்ணித் தள்ளிப்போடாதீர்கள். 2010இல் வெளியான ஓர் ஆய்வில், பரவிய நுரையீரல் புற்றுநோய் கொண்ட 151 பேரில், வழக்கமான சிகிச்சையுடன் தொடக்கத்திலிருந்தே இதையும் பெற்றவர்களுக்கு வாழ்க்கைத் தரம் மேம்பட்டிருந்தது, மனச்சோர்வு குறைவாக இருந்தது. அவர்கள் வாழ்ந்த காலமும் சற்று நீண்டிருந்தது. ஆகவே நோய் கண்டறிந்த நாட்களிலேயே "அந்தக் குழுவையும் பார்க்கலாமா?" என்று கேளுங்கள்.

9. நோய் முற்றும்போதும் அதன் பிறகும்

இழப்பு நேர்வதற்கு முன்பே துக்கம் தொடங்கிவிடும். உயிருடன் இருப்பவருக்காக அழுவது அபசகுனமோ துரோகமோ அன்று. இந்தக் கட்டத்தில் நோயாளிக்கு வலு இருக்கும்போதே, தன் வாழ்வில் நினைவில் நிற்க வேண்டியவற்றை அவர் சொல்ல, ஒருவர் எழுதியோ ஒலிப்பதிவு செய்தோ வைக்கலாம். வற்புறுத்த வேண்டாம்; பத்து நிமிடமே போதும். இறுதி நாட்களில் எங்கே இருக்க விரும்புகிறார், யார் அருகில் வேண்டும், எந்தச் சிகிச்சை வேண்டாம் என்பவற்றை நோட்டின் தனிப்பக்கத்தில் எழுதி மருத்துவரிடமும் காட்டுங்கள். முடிவெடுத்தவர் என்ற பழி பின்னாளில் ஒருவர் தலையில் விழாதிருக்க இந்தப் பக்கம் உதவும்.

இறப்புக்குப் பின் பார்த்துக்கொண்டவரின் கைகள் சும்மா இருக்கத் தெரியாமல் தவிக்கும். மருந்து வேளைக்கு விழிப்பு வரும். நிம்மதியும் துக்கமும் ஒன்றாக வரும், இரண்டும் இயல்பே. உலக சுகாதார அமைப்பின் நோய் வகைப்பாடு, 6 மாதங்களுக்கு மேலும் வாழ்க்கையை முடக்கும் அளவுக்கு நீடிக்கும் கடுந்துயரைச் சிகிச்சை தேவைப்படும் நிலையாகக் கருதுகிறது. ஆனால் உதவி கேட்க ஆறு மாதம் காத்திருக்க வேண்டும் என்று பொருளில்லை.

எஞ்சிய வலி மருந்துகளை வீட்டில் வைத்திருக்காமல், சிகிச்சைக் குழுவினர் சொல்லும் முறைப்படி முதல் வாரத்திலேயே ஒப்படைத்துவிடுங்கள். பிறகு நோட்டை எடுத்து, இதுவரை தள்ளிப்போட்ட உங்கள் பரிசோதனைகளை வலப்பக்கத்தில் தேடி, அடுத்த ஒரு மாதத்துக்குள் ஒரு தேதியைக் குறித்து, உங்களோடு யார் வருவார்கள் என்பதையும் பெயருடன் எழுதுங்கள்.